கித்தாரின் கழுத்து

மேப்பிள் என்பது வெண்மையும் வன்மையும் வாய்ந்ததோர் மரம். பெண்டர் தொழிற்சாலையார் 1950-இல் அம்மரத்தாற் கித்தார்க் கழுத்துகள் செய்தபோது மெருகு பூசியே விற்றனர். அம்மெருகு கையில் ஒட்டுகின்றதென்று சுரண்டி நீக்குவார் இன்று பலர். தீண்டுதற்கு இனிமைதான், ஆயினும் வெற்றுமரம் வியர்வையை உண்டு கறுக்கும், ஈரத்தால் வளையவுங் கூடும். அக்கறுப்பை முதுமையின் அழகென்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று; அஃது அசட்டையின் சுவடே.

வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். நீரிட்டுக் கழுவலாகாது, மரத்தின் இழைகள் எழும்பும். படிந்த அழுக்கை மிக நுண்ணிய எஃகு நாரால், மரவரி ஓடிய வழியே மெல்லத் தேய்த்து அகற்றுக. எஃகுத்துகள் ஒட்டாதவாறு கித்தாரின் காந்தங்களை முன்னரே மூடுக. பின்னர் டங் எண்ணெயை மெல்லிதாய்த் தடவி, மிகுதியைத் துடைத்து, உலர்ந்தபின் மெழுகிடுக.

மெருகை நீக்கும் உரிமை கொண்டார், அம்மெருகு செய்த காவலைத் தங்கையாற் செய்யுங் கடனும் கொண்டாரன்றோ?