தோள் வலிக்குக் கத்தியா முதல் மருந்து?

"தசைநாண் கிழிந்துவிட்டது, கைரோபிராக்டிக், பயிற்சி என்று நாளைக் கடத்தாமல் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அறுபதைக் கடந்தவர்களில், துளி வலியும் இல்லாத பலரின் ஸ்கேனிலும் கிழிசல் தெரிகிறது. படத்தை மட்டும் நம்பித் தேதி குறிப்பது என்ன நியாயம்?

பிரிட்டனில் 313 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. முழுக் கிழிசல் இல்லாத தோள்வலிக்காரர்கள் இவர்கள். ஒரு பிரிவினருக்குத் தோள்முகட்டு எலும்பின் அடியைச் செதுக்கினார்கள். இன்னொரு பிரிவினருக்கு உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி, எதையும் செதுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து இரு தரப்புக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. கத்தியே படாத மூன்றாம் பிரிவினரும் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை.

தசைநாண் பளுவுக்குப் பழகித் தேறுவது. ஒருக்களித்துப் படுத்து, மேல்கை முழங்கையை விலாவோடு ஒட்டி, அரைக் கிலோ எடையை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்க வேண்டும். வாரக்கணக்கில் செய்தால்தான் பலன் தெரியும். கைரோபிராக்டர் கையால் தளர்த்திவிடுவது இந்தப் பயிற்சிக்குத் துணை, அவ்வளவுதான். எலும்பைச் சொடுக்கியே கிழிசலை ஒட்டவைப்பேன் என்பவருக்காக நான் வாதாடவில்லை.

கீழே விழுந்த மறுகணமே கையைத் தூக்க முடியாமல் போனால் கதை வேறு. அப்படிப்பட்டவர் தாமதிக்காமல் எலும்பு அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். மாதக்கணக்காக மெல்ல வளர்ந்த வலிக்கும் அதே அவசரத்தைக் காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.