மூக்கு யாருடையது?

ஒரு அறுவை சிகிச்சை வெற்றியா தோல்வியா என்று யார் சொல்ல வேண்டும்? கத்தி பிடித்தவரா, மேசையில் படுத்திருந்தவரா?

எலும்பு கூடிவிட்டதா என்றால் எக்ஸ்ரே சொல்லிவிடும். சர்க்கரை இறங்கியதா என்றால் ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மூக்கு அப்படி இல்லை. நடுச்சுவர் வளைந்திருந்தும் ஒரு தொல்லையும் இல்லாமல் மூச்சு விடுபவர்கள் எத்தனையோ பேர். காற்றோட்டத்தை அளக்கக் கருவி உண்டுதான். ஆனால் கருவி காட்டும் எண்ணும் நோயாளி சொல்லும் அவதியும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, மூக்கடைப்பும் அப்படித்தான்!

அதனால்தான் நோயாளியையே கேட்டு மதிப்பெண் போடும் முறை வந்தது. 2004-ல் அமெரிக்காவில் வெளியான 'நோஸ்' அளவுகோலில் ஐந்தே கேள்விகள். மூக்கடைப்பு, மூச்சு விடச் சிரமம், தூக்கம் கெடுவது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. கூட்டி ஐந்தால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இங்கே நூறு வாங்கியவர் முதல் மாணவர் அல்ல, படாதபாடு படுபவர்!

'வெறும் கேள்வித்தாளை நம்பி வைத்தியமா?' என்று சிலர் சிரிக்கலாம். பிரிட்டனில் 378 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. ஒரு பாதிக்கு நடுச்சுவரை நேராக்கும் அறுவை சிகிச்சை, மறுபாதிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. ஆறு மாதம் கழித்து, 110-க்குக் கணக்கிடும் வேறொரு கேள்வித்தாளில், ஸ்ப்ரே தரப்பின் சராசரி 39.5, அறுவை தரப்பின் சராசரி 19.9. குறைந்தால் நல்லது. இதைக் காட்டியது எந்த ஸ்கேனும் அல்ல, நோயாளிகளின் வாய்மொழிதான். தனக்கு எந்தச் சிகிச்சை என்று தெரிந்தே பதில் சொன்னார்கள் என்ற குறை உண்டு. ஆனாலும் கேட்காமலே விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அழகுக்காகச் செய்வதில்தான் சிக்கல் அதிகம். 2000-ல் வந்த ஒரு அளவுகோல் ஆறு கேள்விகளில் தோற்றத்தையும் மூச்சையும் கலந்து ஒரே எண்ணாகத் தந்தது. இரண்டு கடை வைத்திருப்பவர் ஒன்றின் நஷ்டத்தை மற்றதன் லாபத்தில் கழித்து, மொத்தத்தை மட்டும் காட்டுவது போல! கண்ணாடியில் மூக்கு அழகாக இருக்கிறது, ராத்திரி வாயைத் திறந்தபடி தூங்குகிறார் என்றால் அது வெற்றியா? 2018-ல் வந்த 'ஷ்னாஸ்' இதைச் சரி செய்தது. அடைப்புக்கு நான்கு கேள்வி, தோற்றத்துக்கு ஆறு, மதிப்பெண் தனித்தனி.

இந்தக் கணக்கு நேர்மையாக இருக்க மூன்று காரியம் வேண்டும். கத்தி வைப்பதற்கு முன்பே ஒருமுறை கேட்க வேண்டும். ஆரம்ப இருப்பு தெரியாமல் லாபம் எப்படித் தெரியும்? வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம், அதற்குப் பிறகும் கேட்க வேண்டும். முக்கியமாக, அறுவை செய்த மருத்துவர் எதிரில் நின்று கேட்கக் கூடாது. தைத்த கையின் முன்னால் 'நன்றாக இல்லை' என்று எத்தனை பேருக்குச் சொல்ல வாய் வரும்?

விளம்பரத்தில் வரும் 'முன்பு - பின்பு' படங்கள் அழகாகத்தான் இருக்கும். அந்தப் படத்தில் இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்பது மட்டும் படத்தில் தெரியாது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கிறார்களா?