பழைய தாரைச் சுரண்டாமல் புதுத் தார் வேண்டாம்

திருப்பூரில் பழைய மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாத்தா காலத்தில் மூன்று படி ஏறிக் கடைக்குள் போனோம். இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. ஐப்பசி மழையில் அட்டியின் அடி மூட்டை நனைகிறது. நனைந்த சர்க்கரையை யாரிடம் விற்பது?

தடிமன் கூடினால் ரோடு நெடுநாள் உழைக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அடியில் இருப்பது வெடித்த தார் என்றால், அதே வெடிப்பு புதுத் தாரிலும் மேலேறி வந்துவிடும். அதன் வழியே தண்ணீர் இறங்கும். ஜல்லியைப் பற்றியிருக்கும் தார் பிடி விடும். அப்புறம் குழிதான். தண்ணீர் வடியாத வீதியில் எத்தனை அங்குலம் போட்டாலும் வீண். (சாக்கடை அடைப்பில் நம் கடைக் குப்பைக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம்.)

பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே, மட்டம் உயராமல் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருக்கிறார். சுரண்டி எடுத்ததும் குப்பையாகாது. சூடாக்கிப் புதுக் கலவையில் சேர்க்கலாம். ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று.

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் இன்னொரு தொல்லை. மண்ணைத் தள்ளி மூடி, சரியாகத் திமிசு போடாமல் மேலே தார் பூசினால் முதல் மழையிலேயே அமிழும். குழாய் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் தார் வண்டி வீதிக்குள் வர வேண்டும்.

நம் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் பாரம் இரட்டித்தால் ரோட்டின் சேதம் சுமார் 16 மடங்கு என்று தெரிந்தது. அதன்படி, 10 டன் அச்சில் 12 டன் ஏற்றினாலே சேதம் இரட்டிப்பு. காதர்பேட்டையில் பனியன் பண்டல் ஏற்றும் லாரியானாலும் சரி, நமக்கு அரிசி இறக்கும் லாரியானாலும் சரி, வாடகையில் மிச்சம் பிடிக்கும் பணம் பள்ளமாகத் திரும்பி வருகிறது.

உறுப்பினர்கள் இப்போதே ஒன்று செய்யலாம். கடைச் சுவரில், ரோட்டு மட்டத்துக்கு நேராகப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். தார் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். அன்று வீதிக்கு இருவராவது விழித்திருந்து, அந்தக் கோட்டைக் காட்டிப் பேச வேண்டும்.