பில்டரை மாத்த முதல் தண்ணியைச் சோதியுங்க

போன மாதம் எங்கட வீட்டுக் கிணத்துப் பில்டரின் உருளையை மூன்றாவது தடவையா மாத்தினோம். அம்மா சீட்டுக்காசை எடுத்துத்தான் குடுத்தா. வந்த அண்ணை கோதைக் கழட்டி, காவி பிடிச்ச பழைய உருளையைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க அக்கா, இதைத்தான் இவ்வளவு நாளும் குடிச்சிருக்கிறீங்க." உருளையில பிடிபட்டதை நாங்க குடிக்கேல்லைத்தானே எண்டு அம்மாவுக்கும் தோணேல்ல, எனக்கும் அந்த நேரம் தோணேல்ல. பயந்திட்டோம்.

நான் கேட்டது ஒரு கேள்விதான்: "தண்ணியில என்ன இருக்கெண்டு சோதிச்சுப் பார்த்தீங்களா?" "இந்தப் பக்கம் எல்லாக் கிணறும் ஒண்டுதான் தங்கச்சி" எண்டார். என்ன வருத்தம் எண்டு பார்க்காமலே மருந்து குடுக்கிற வேலை இது. நாங்களும் சந்தோசமா வாங்கிக் குடிக்கிறம்.

நூல் உருளை மண்ணையும் துருவையும் பிடிக்கும். கரி உருளை மணத்தையும் குளோரினையும் எடுக்கும். உப்பையோ நைத்திரேற்றையோ இரண்டும் தொடாது. காலத்துக்கு மாத்தாவிட்டால் கரிக்குள்ளேயே கிருமி குடியேறும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் அது கூட ஆபத்து. நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடிக் கிளாஸில் பளிச்செண்டு தெரியிற தண்ணியைப் பார்த்து நாங்க ஏமாறுறது இங்கதான்.

இந்த நைத்திரேற்று எங்கயிருந்து வருது? உட்துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கட ஒழுங்கையில எல்லா வீட்டிலும் மலசலகூடக் குழி, எல்லா வீட்டிலும் கிணறு. கிணத்துக்கும் குழிக்கும் இடையில 30 மீற்றர் இருந்தால் நல்லது எண்டு பொதுவாச் சொல்லுவினம். பத்துப் பேர்ச் காணி எண்டால் ஏறத்தாழ 250 சதுர மீற்றர். சதுரமான காணி எண்டால் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கே 23 மீற்றர் வராது. அதுக்குள்ள வீடும் கட்டி, மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி. கணக்குப் பார்த்தால் நாங்க எல்லாரும் ஆளாளின்ர குழிக்குப் பக்கத்திலதான் வாளி விடுறம். இதை எந்த உருளை திருத்தும்?

எங்கட வீட்டு வாசலில பைப் தண்ணியும் இருக்கு, கந்தளாய்க் குளத்துத் தண்ணி. அம்மா அதில உடுப்புத் தோய்ப்பா, குடிக்க மாட்டா. "குளோரின் மணக்குது, எங்கட கிணத்துத் தண்ணி மாதிரி வருமே?" குளோரின் போட்ட தண்ணியை ஒதுக்கிவிட்டு, ஒருத்தரும் சோதிக்காத தண்ணிக்குக் காசு கட்டி உருளை மாத்துறம். சொந்தக் கிணறு எண்ட பெருமை எனக்கும் விளங்கும். ஆனா நிலத்துக்குக் கீழ மதில் இல்லை. சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில கிணறுகள் உப்பாகிப் போக, பம்ப் போட்டு மறுபடி மறுபடி இறைச்சுப் பார்த்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைச்ச இடங்களில கீழே கிடந்த உப்பு இன்னும் மேல ஏறினது. கடைசியில கழுவினது மாரி மழைதான்.

தனி வீட்டால ஏலாத வேலை இது எண்டதுக்குச் சுன்னாகம் போதும். அனல் மின் நிலையத்தைச் சுற்றி இருந்த கிணறுகளில எண்ணெய் மிதந்தது. சனம் பவுசர் தண்ணிக்கு வரிசையில நிண்டது. 2015இல் ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றத்தில வழக்குப் போட்டார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும். 500 பேருக்குப் பிரிச்சால் ஆளுக்கு 40,000. ஒரு கிணறு கெட்டதுக்கு இது காணுமா எண்டது வேற கதை. ஆனா ஆய்வுகூட அறிக்கைகள் இல்லாமல் அந்த வழக்கே நிண்டிருக்காது. பில்டர் வாங்கின பற்றுச்சீட்டைக் காட்டி ஒருத்தரும் வழக்கு வெல்லேல்ல.

தேர்தல் வந்தால் படம் ஒட்டின பில்டர் பெட்டி தருகிறவர்களிட்ட நாங்க கேட்க வேண்டியது வேற. மாரிக்கு முதல் ஒருதரம், மாரிக்குப் பிறகு ஒருதரம், ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும் கிணத்துத் தண்ணியைச் சோதியுங்க. முடிவைத் தமிழில, எங்கட அம்மாமார் வாசிக்கிற மாதிரி, கந்தோர் வாசலில ஒட்டுங்க. உப்பு எண்டால் உப்பு, கிருமி எண்டால் கிருமி. பிறகு எந்த உருளை வேணும், உருளை வேணுமா எண்டே நாங்க பார்த்துக்கொள்ளுறம்.

அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில காசு கட்டிச் சோதிக்கலாம். அடுத்த உருளைக்கெண்டு அம்மா எடுத்து வைச்ச காசை நான் கேட்டு வாங்கிட்டன். ஒழுங்கையில இன்னும் மூண்டு வீடு சேருது. நாலாவது வீட்டு மாமி மட்டும், "கெட்டது எண்டு வந்தால் காணி விலை போகாது பிள்ளை" எண்டு கதவைச் சாத்திட்டா.