சிக்னலை ஏத்துறதுக்கு முன்னாடி, அது எங்க தொலையுதுன்னு பாருங்க

நம்ம காலேஜ் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்டை எந்த வருஷம் எடுத்தாலும் ஹோம் ஆட்டோமேஷன் கண்டிப்பா இருக்கும். அதுல ஒண்ணு ரெண்டு டீம் மட்டும் வைஃபையை விட்டுட்டு பவர்லைன் பக்கம் போவாங்க. வீட்டுல ஏற்கெனவே ஓடுற கரண்ட் ஒயரே சிக்னலையும் சுமக்கும். ரௌட்டர் வேண்டாம், கான்கிரீட் சுவர் தடுக்காது. நல்ல ஐடியாதான். ஆனா ரிவியூல "சில நேரம் லைட் எரியலையே?"ன்னு கேட்டா வர்ற பதில் எப்பவும் ஒண்ணுதான்: "சிக்னலை பூஸ்ட் பண்ணிடலாம் சார்."

இந்தப் பதிலைக் கடைசியாகத்தான் சொல்லணும் என்பது என் கருத்து. நாம அதையே முதல்ல சொல்றோம்.

இந்தத் துறையின் தாத்தா எக்ஸ்10-ஐ எடுத்துக்குவோம். 1975-ல் ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கியது. ஏசி அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் நொடியில், 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை ஒரு மில்லிசெகண்ட் அனுப்பும். துடிப்பு வந்தா 1, வரலைன்னா 0. 'எந்த லைட்', 'என்ன செய்யணும்' என்ற ரெண்டையும் சொல்லி முடிக்க, 60 ஹெர்ட்ஸ் லைனில் முக்கால் செகண்டுக்கு மேல ஆகும். நம்ம 50 ஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட ஒரு செகண்ட். இவ்வளவு நிதானமாப் பேசியும் ஏன் சிக்னல் தொலையுது?

ஒரு சின்ன கணக்கு போடுங்க. டிவி, கம்ப்யூட்டர், சார்ஜர் எல்லாத்துலயும் எஸ்எம்பிஎஸ் இருக்கு. அதோட வாசல்ல, லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல, இரைச்சலை வடிகட்ட ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். 0.47 மைக்ரோஃபாரட்னு வச்சுக்கங்க. 50 ஹெர்ட்ஸ்ல அது ஏறக்குறைய 6,800 ஓம். கரண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஆனா 120 கிலோஹெர்ட்ஸ்ல அதே கெப்பாசிட்டர் 2.8 ஓம்தான். நம்ம சிக்னலைப் பொறுத்தவரைக்கும் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். அந்த டிவி எந்தத் தப்பும் செய்யல, விதிப்படி போட்ட ஃபில்டர்தான் அது. ஆனா சிக்னலைக் குடிச்சிடுது.

இப்ப பூஸ்ட் பண்றீங்க. வோல்டேஜை ரெண்டு மடங்காக்கினா கிடைப்பது 6 டெசிபல். ஓட்டைக் குடத்துல இன்னும் வேகமா தண்ணி ஊத்துற மாதிரி. அதுக்குப் பதிலா, அந்த டிவிக்கு முன்னாடி சீரிஸ்ல 100 மைக்ரோஹென்றி சோக் ஒண்ணு போடுங்க. 120 கிலோஹெர்ட்ஸ்ல அது 75 ஓம். 50 ஹெர்ட்ஸ்ல வெறும் 0.03 ஓம். டிவிக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா சிக்னல் பார்க்கும் தடை 2.8 ஓம்ல இருந்து 70 ஓமுக்கு மேல ஏறுது. ட்ரான்ஸ்மிட்டரைத் தொடவே இல்லை, கவனிச்சீங்களா?

ரெண்டாவது ஓட்டை, ஃபேஸ். அமெரிக்க வீடுகளுக்கு 240 வோல்ட் வருவது ரெண்டு 120 வோல்ட் கால்களா. ஒரு கால்ல போட்ட சிக்னல் அடுத்த காலுக்குப் போகணும்னா வெளிய இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் சுத்திட்டு வரணும். அதனால அங்க ரெண்டு காலுக்கும் நடுவுல கப்ளர் போடுறாங்க. அடிப்படையில அது 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்தான்: சிக்னலுக்கு 13 ஓம் பாலம், கரண்டுக்குப் பல்லாயிரம் ஓம் சுவர்.

நம்ம ஊர் த்ரீ ஃபேஸ் வீட்டுல நிலைமை இன்னும் சிக்கல். ஹால் ஒரு ஃபேஸ்ல, மாடி இன்னொரு ஃபேஸ்ல. ஒரு ஃபேஸ் போயிட்டா வீட்டுல இருக்கறவங்க சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்பிடுவாங்க. காலைல வேலை செஞ்ச சிஸ்டம் சாயங்காலம் செய்யாது. இன்வெர்ட்டர் லைன் கரண்ட் போன நேரத்துல தனித் தீவு. இதுல எதையும் பூஸ்டர் சரிசெய்யாது. (ஒரு எச்சரிக்கை: ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல இங்க 400 வோல்ட்டுக்கு மேல இருக்கும். லேப்ல கிடைச்ச கெப்பாசிட்டரை டிபி பாக்ஸ்ல மாட்டாதீங்க. அதுக்கு உரிய ரேட்டிங்கும், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனும் வேணும்.)

"அப்போ பூஸ்டரே வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. வேணும். பெரிய வீடு, நீண்ட ஒயரிங்னா ஓட்டைகளை அடைச்ச பிறகும் சிக்னல் வலுவிழக்கும். ஆனா கண்ணை மூடிட்டு ஏத்தினா பக்கத்து ஃப்ளாட்டுக்கும் அது போகும். எக்ஸ்10-ல் வீட்டுக் குறியீடுகள் மொத்தமே 16. உங்க பெட்ரூம் லைட்டை அணைக்கப் போய் பக்கத்து வீட்டு ஃபேன் நிக்கலாம். ஐரோப்பாவில் ஈஎன் 50065 தரநிலை சிக்னல் அளவுக்கே உச்சவரம்பு வச்சிருக்கு, சும்மா இல்லை.

பூஸ்ட் செய்யறதுலயும் புத்திசாலித்தனமான வழி உண்டு. எக்ஸ்10 ஒவ்வொரு செய்தியையும் ரெண்டு தடவை சொல்லும். ரிப்பீட்டர் முதல் தடவையைக் கேட்டு, ரெண்டாவது தடவையோட சேர்ந்து தானும் பலமாச் சொல்லும். 2005-ல் வந்த இன்ஸ்டியான் இன்னும் ஒரு படி மேல: ஒவ்வொரு சுவிட்சும் ரிப்பீட்டர், பவர்லைனோட ரேடியோவும் உண்டு, அதோட "வந்துடுச்சு"ன்னு பதிலும் வரும். எக்ஸ்10-ன் சாதாரண சுவிட்சுகள்ல இல்லாதது அந்தப் பதில்தான். பதில் வந்தாத்தான் மறுபடி அனுப்பணுமான்னு தெரியும். நம்பகத்தன்மை அங்கதான் ஆரம்பிக்குது, வோல்ட்ல இல்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? யாருக்காக இதைச் செய்யறோம்னு யோசிங்க. ராத்திரி எழுந்து பாத்ரூம் போற பாட்டிக்கு, நூத்துல தொண்ணூத்தஞ்சு தடவை எரியற லைட் போதாது. எரியாத அந்த அஞ்சு தடவைல ஒண்ணுலதான் அவங்க கீழ விழுவாங்க. ஆனா நம்ம டெமோவோ, காலியான லேப்ல, ஒரே ஃபேஸ்ல, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல நடக்குது. ஒரு தடவை எரிஞ்சா கைதட்டு, மார்க்.

அதனால ஜூனியர்ஸ், அடுத்த ரிவியூக்கு இதைச் செய்ங்க. நூறு தடவை அனுப்பி எத்தனை சேர்ந்ததுன்னு எழுதுங்க. டிவி, சார்ஜர், எல்இடி லைட் எல்லாம் போட்டுட்டு மறுபடி நூறு. வேற ஃபேஸ்ல மறுபடி நூறு. எண்ணிக்கை எங்க விழுதோ அங்கதான் உங்க ப்ராஜெக்ட் இருக்கு. முதல்ல சோக், அப்புறம் கப்ளர், அப்புறம் பதில், கடைசியா பூஸ்டர். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "எரியுதா?"ன்னு கேக்காதீங்க, "நூத்துக்கு எத்தனை?"ன்னு கேளுங்க.