உருத்திராக்கமும் நாகரிகமும்

நகைகளைப் பற்றி எழுதுவது எளிது. முத்து எது, பவளம் எது, எந்தச் சேலைக்கு எது பொருந்தும் என்று கூறிவிட்டு நாம் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். ஆனால் இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட மாலை நகையுமாகும், நகையல்லாததுமாகும். செபமாலையைத்தான் சொல்லுகின்றோம்.

சென்ற மாதம் வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே தகப்பனாரும் மகளும் மூன்று நாளாக ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர். மகள் கொழும்பிலே உத்தியோகம் பார்ப்பவள். காலஞ்சென்ற அப்பப்பாவின் உருத்திராக்க மாலையை அலுமாரியில் கண்டெடுத்து, மணிக்கட்டிலே பல சுற்றாகச் சுற்றிக்கொண்டு விருந்தொன்றுக்குப் போய்விட்டாளாம். "அது விளையாட்டுச் சாமானோ?" என்று தகப்பனார் சீறினார். "இப்ப எல்லாரும்தானே போடுகினம், நான் போட்டால் மட்டும் குற்றமோ அப்பா?" என்று மகள் கேட்டாள். தீர்ப்புக் கூறும் பொறுப்பு எம்மீது விழுந்தது.

மகள் சொன்னதிற் பொய்யில்லை. 1968 ஆம் ஆண்டு பீற்றில்ஸ் என்னும் ஆங்கிலப் பாடகர் குழுவினர் இருடிகேசத்துக்கு வந்து மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயின்றனர். அக்காலத்து மேனாட்டு இளைஞர் கழுத்திலே மணிமாலைகள் ஏறின. அன்று முதல் இந்த நாகரிகம் தணிவதும் மீண்டும் தலைதூக்குவதுமாக இருந்து வருகின்றது. இன்று சந்தனமணி, துளசிமணி, படிகமணி, உருத்திராக்கம் யாவும் ஆடை விற்கும் கடைகளிலேயே தொங்குகின்றன.

ஆயினும் இம்மணிகள் பிறந்தது அழகுக்காக அன்று, எண்ணுவதற்காக. மனம் ஒரு நாமத்தைச் சொல்லும்போது கை ஒரு மணியைத் தள்ளுகின்றது. கணக்கைக் கை ஏற்றுக்கொள்வதால் மனத்துக்கு ஓய்வு கிடைக்கின்றது. செபமாலையின் பயன் இதுவே. மாலைக்கு மணிகள் 108. இராசி பன்னிரண்டையும் கிரகம் ஒன்பதையும் பெருக்கினால் வரும் தொகை அது என்பர் சிலர். எண்ணிக்கையிலே தவறு நேரினும் நூறு நிறையட்டும் என்பதற்காகவே எட்டு மேலதிகம் என்பர் வேறு சிலர். 108 மணிகளுக்கும் புறம்பாக நிற்கும் பெரிய மணியை மேரு என்றும் நாயகமணி என்றும் வழங்குவர். எண்ணி வருபவர் அதனைக் கடப்பதில்லை. அங்கே மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே மீளுவர். வலக்கையின் நடுவிரல்மேல் மாலையை வைத்துப் பெருவிரலால் மணியைத் தள்ள வேண்டும். சுட்டுவிரல் படலாகாது என்பது முன்னோர் விதி.

இவ்வழக்கம் சைவருக்கு மாத்திரம் உரியதன்று. பௌத்தர் புத்தபிரானின் ஒன்பது குணங்களைச் சிந்திக்கக் கையாளும் மாலையைச் சிங்களத்தில் நவகுண வெல என்பர். இஸ்லாமியரின் தஸ்பீஹில் 99 அல்லது 33 மணிகள். கத்தோலிக்கரின் செபமாலையோ பத்துப் பத்தாக வகுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல்லே ஆதியிற் பிரார்த்தனை என்னும் பொருளுடையது. பின்னர்தான் பிரார்த்தனையை எண்ண உதவிய மணிக்கும் அப்பெயர் நிலைத்தது.

உருத்திராக்க மரம் நேபாளத்திலும் யாவாவிலும் வளர்வது. பழம் நீல நிறமானது. அதன் உள்ளிருக்கும் கொட்டையே மணியாகின்றது. நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி உண்ணும் வெரளிக்காயும் அதே இனத்தைச் சேர்ந்த மரத்தின் காய்தான் என்பது வாசகர் பலருக்கு வியப்பாக இருக்கும். மணியிலுள்ள கோடுகளைக் கொண்டு முகம் எண்ணுவர். ஐந்துமுக மணி தாராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு. ஒருமுகம் அரிது, ஆகவே அதிலேதான் மோசடியும் அதிகம். மரத்தைச் செதுக்குவோரும், கோடுகளை ஒட்டி மறைப்போரும், பிளாஸ்ரிக்கில் வார்ப்போரும் உளர். நீரில் அமிழ்ந்தால் அசல் என்னும் சோதனையை நம்பற்க. பாரமான மரத்திற் செதுக்கிய போலியும் அமிழும், நன்கு உலர்ந்த அசலும் மிதக்கும்.

இவற்றையெல்லாம் நாம் கூறி முடித்ததும் தகப்பனார் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர் மகளைப் பாராமலே பேசலானார். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டுப் புறப்பட்ட இரவில், அவர் தமது தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார். சன நெரிசலில் ஓர் அடி வைக்க வெகுநேரம் சென்றது. மழையும் பெய்தது. முதியவரின் மறுகையிலே இந்த மாலை இருந்தது. சாவகச்சேரி சேரும்வரை அவர் மணி தள்ளுவதை நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து அவர் எடுத்து வந்த பொருள் அது ஒன்றே.

மகளின் கண்கள் கலங்கின. "இதை ஏன் அப்பா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?" என்று கேட்டாள். அதற்கு அவரிடம் விடை இல்லை. நாமும் தலைகுனிந்தோம், ஏனெனில் எமது வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாம் சொல்லாது விட்டவை பல.

நேயர்களே, எமது தீர்ப்பு இதுதான். அணிவதற்கு ஒரு மாலையும் எண்ணுவதற்கு வேறொரு மாலையும் வைத்திருப்பது பழைய வழக்கம். அழகுக்காக அணிய விரும்பும் பெண் புதியதொன்றை வாங்கி அணியட்டும். அதிலே குற்றம் காண்பது வீண். முதியோர் எண்ணிய மாலையைத் துணிப்பையில் இட்டுப் பூசையறையில் வைக்கவேண்டும். சவர்க்காரம் படலாகாது, ஈரம் பட்டால் நிழலில் உலர்த்துக. நூல் நைந்திருந்தால் மணிக்கு மணி முடிச்சிட்டுப் புதிதாகக் கோக்குக. ஓரிடத்தில் அறுந்தாலும் மணிகள் சிதறமாட்டா.

யாவற்றுக்கும் மேலாக, மாலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது அதன் கதையையும் கூடவே கொடுங்கள். கதையறியாத பிள்ளை அதனை அலங்காரமாகக் கருதினால், பிழை பிள்ளையினுடையதன்று.

நாம் விடைபெற்றபோது தகப்பனார் மேசைமேல் புதிய நூலை விரித்திருந்தார். மகள் மணிகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.