நிறைந்த வகுப்புகளும் வெறுமையான வாக்குறுதிகளும்

"வகுப்பு நிறைந்துவிட்டது." நமது கல்வி நிருவாகத்தில் இதைக் காட்டிலும் மரியாதையான மறுப்பு வேறொன்றில்லை. இதைச் சொல்பவர் யாரையும் வைவதில்லை. எவருடைய குலத்தையும் கேட்பதில்லை. வரவு இடாப்பைத் திறந்து காட்டுகிறார், அவ்வளவே. விடுகைப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் மாணவன் திரும்பிச் செல்கிறான். தனக்கு அநீதி இழைத்தவர் இன்னார் என்று சுட்டிக்காட்ட அவனுக்கு ஒருவருமில்லை. அநீதி இவ்வளவு சுத்தமான கைகளுடன் நடைபெறும்போதுதான் நாம் அதை உற்று நோக்கவேண்டும்.

கிரானை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கே இருபது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஊர் அது. கோறளைப்பற்று தெற்குப் பிரதேசத்தின் நிருவாகத் தலைமையிடம். வீதியோரத்துக் கிரானோடு அப்பிரதேசம் முடிந்துவிடுவதில்லை. நீரைக் கடந்து மேற்கே புலிபாய்ந்தகல், திகிலிவெட்டை, முறுத்தானை, குடும்பிமலை என்று அது நெடுந்தூரம் விரிந்து கிடக்கிறது. நெல்லும் மாடும் மீனும் கூலியுமே அம்மக்களின் சீவியம். மாரி பிறந்தால் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி நீருக்குள் மூழ்கும். பேருந்து ஓடிய இடத்தில் படகு ஓடும். 2024 நவம்பர் இறுதியில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கையிலேயே பெருவெள்ளம் வந்தது. நாடு முழுவதற்கும் பரீட்சை சில நாட்கள் நிறுத்தப்பட்டது. நியாயமான செயல். ஆனால் ஆண்டுதோறும் வெள்ளம் கண்டு பாடம் இழக்கும் புலிபாய்ந்தகல் பிள்ளைக்காக எந்த ஆண்டில் எந்த வகுப்பு நிறுத்திவைக்கப்பட்டது?

இத்தகைய கிராமங்களின் பாடசாலைகள் பல, சாதாரண தரத்துடனோ அதற்கு முன்போ முடிந்துவிடுகின்றன. இலங்கையின் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளுள், உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுக்கென வகுக்கப்பட்ட '1 ஏபி' வகைப் பாடசாலைகள் பத்தில் ஒரு பங்கு அளவினவே. ஆகவே கிராமத்துப் பிள்ளை சாதாரண தரத்தில் நன்கு சித்தியடைந்த அன்றே, அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இடம் மாறும் மாணவனாகிவிடுகிறான். நகரத்துப் பிள்ளைக்குப் பதினோராம் தரத்திலிருந்து பன்னிரண்டாம் தரத்துக்குச் செல்வது அடுத்த அறைக்குச் செல்வது போன்றது. கிராமத்துப் பிள்ளைக்கோ அது அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுவதாகும்.

கதவைத் தட்டுபவன் என்ன கேட்கிறான்? ஏதோ ஓரிடம் கேட்கவில்லை. மூன்று குறித்த பாடங்கள் கேட்கிறான். பொறியியல் பயில வேண்டுமாயின் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். மருத்துவம் பயில வேண்டுமாயின் உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இவற்றுள் ஒன்று கிடைக்காவிடின் மற்ற இரண்டும் பயனற்றுப் போகின்றன. இரு சில்லுகளைக் கொடுத்து, வண்டிக்கு அச்சில்லை என்று சொல்வதைப் போன்றது இது. விஞ்ஞானப் பிரிவு உண்டு என்று பலகையில் எழுதப்பட்ட இடத்திலும் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லையெனின், அங்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை என்பதே பொருள். ஆசிரியர் இருக்கும் நகரப் பாடசாலையோ முதலில் தன் சொந்த மாணவருக்கு இடம் ஒதுக்குகிறது. எஞ்சியதை வெளியாருக்குப் பகிர்கிறது. எஞ்சாவிடின்? "தம்பி, கலைப் பிரிவில் இடமிருக்கிறது" என்ற அன்பான அறிவுரை கிடைக்கிறது.

கலைப் பிரிவு தாழ்ந்ததென்று நாம் சொல்லவில்லை. இலக்கிய ஏடொன்றின் வாசகரிடம் அவ்வாறு சொல்லத் துணிபவர் யார்? விரும்பிக் கற்கும் கலை அறிவைத் தரும். வேறு கதவுகள் சாத்தப்பட்டமையால் கற்கும் கலை ஏமாற்றத்தையே தரும். 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். "இவர்கள் ஏன் தொழிலுக்கேற்ற பாடங்களைப் படிக்கவில்லை?" என்று கேட்ட கனவான்கள் பலர். அப்பாடங்கள் எந்த ஊரில், எந்த அறையில், எத்தனை ஆசனங்களுடன் நடந்தன என்று கேட்ட கனவான்கள் எத்தனை பேர்?

"பின்தங்கிய மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடஒதுக்கீடு உண்டே!" என்று உடனே விடை வரும். உண்டு. மருத்துவம், பொறியியல் முதலிய நெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறில் மட்டக்களப்பும் ஒன்று. 1971இல் மொழிவழியாகப் புகுத்தப்பட்ட தரப்படுத்தலின் அநீதியை எவரும் மறக்கவேண்டியதில்லை. ஆயினும் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களுக்கு வழி திறந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. இங்கு எழும் வினா வேறு. மாவட்டத்தின் பெயரால் வரும் அந்த இடம் மாவட்டத்தினுள் யாரிடம் போய்ச் சேர்கிறது? புள்ளிவிபரத்தில் நகரமும் குடும்பிமலையும் ஒரே மாவட்டம்; வாழ்க்கையில் அவை ஒன்றல்ல. பின்தங்கியவர்களின் பெயரைச் சொல்லிப் பெற்ற சலுகையை, அவர்களுள் முந்தியவர்களே அனுபவிக்கின்றனர். நீரின் மறுகரையிலுள்ள பிள்ளை அந்தக் கணக்கில் ஒரு தலையாக எண்ணப்படுகிறான், வகுப்பறையில் எண்ணப்படுவதில்லை.

வரலாறு இவ்விடத்தில் நம்மைப் பார்த்து நகைக்கிறது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, கல்வி மந்திரி கன்னங்கரா வெறும் கட்டணத்தை நீக்கியதோடு நின்றுவிடவில்லை. ஏழை மாணவனுக்குக் கட்டணமின்மை மட்டும் போதாது, அவன் ஊரருகே தரமான பாடசாலையும் வேண்டும் என்று கண்டே மத்திய கல்லூரிகள் நாட்டுப்புறங்களில் நிறுவப்பட்டன. அத்தகைய கல்லூரியொன்று கிரானுக்குச் சில கிலோமீற்றர் தெற்கே வந்தாறுமூலையில் எழுந்தது. அதன் வளவிலேதான் 1981 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தொடக்கத்தில் அங்கு கற்பிக்கப்பட்டவை எவை? விஞ்ஞானமும் விவசாயமும்! கிரான் பிள்ளையின் வாசலுக்கே விஞ்ஞான பீடம் வந்துவிட்டது. அதற்குள் நுழைவதற்கு வேண்டிய மூன்று பாடங்களைத் தேடி அவன் அந்த வளவைப் பேருந்திற் கடந்து நகரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கும் வகுப்பு நிறைந்துவிட்டது.

இனி, ஆட்சேபங்களைப் பார்ப்போம்.

"ஓர் அறையில் எத்தனை பேரைத் திணிப்பது?" என்பது ஆசிரியரின் கேள்வி. நேர்மையான கேள்வி, இதை நாம் அலட்சியம் செய்யலாகாது. நெரிசலான ஆய்வுகூடத்தில் ஒருவரும் இரசாயனவியல் கற்கமுடியாது. ஆனால் இந்தக் கேள்வி வாசலில் நிற்கும் மாணவனிடம் கேட்கப்படவேண்டியதன்று. இரண்டாவது அறையைத் திறக்காதவரிடமும் மூன்றாவது ஆசிரியரை அனுப்பாதவரிடமும் கேட்கப்படவேண்டியது. ஆசிரியரும் வெளி மாணவனும் ஒரே பற்றாக்குறையின் இரு முனைகளில் நிற்பவர்கள். அவர்களை ஒருவருக்கொருவர் எதிரியாக்குவது நிருவாகத்துக்கு வசதி, நமக்கன்று.

"தனியார் வகுப்புகள் இருக்கின்றனவே" என்பது இன்னொரு விடை. இலவசக் கல்வி நாட்டில் இப்படிச் சொல்ல நாக்கூசவேண்டும். கூலிக்காரனின் மகன் மூன்று பாடங்களுக்கும் கட்டணம் செலுத்தி, பேருந்துக்கும் கொடுத்து, வகுப்பு முடிந்து இரவில் திரும்பும்போது நீரைக் கடக்கப் படகு கிடைக்குமா என்பதையும் அவனே பார்த்துக்கொள்ளவேண்டும்! மகளாயின் அந்த யோசனை வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும்.

இடம் மாறி வருபவனை இறுதியாக நினைப்பது புதிய நோயன்று. 1983 யூலை வன்செயலின் பின், தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்ப அஞ்சிய தமிழ் மாணவர் வடக்கிலே தமக்கு இடம் கேட்டனர். 1984 சனவரியில் அக்கோரிக்கைக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு வகுப்பில் அமர்வதற்காகப் பட்டினி கிடக்க நேர்ந்த அந்தத் தலைமுறையை மறந்துவிட்டு, "இடமில்லை" என்று நாமே நம் பிள்ளைகளிடம் சொல்வது எவ்வளவு எளிதாகிவிட்டது!

மாற்று வழி இல்லையா? முதலாளித்துவத்தின் கோட்டையாகிய அமெரிக்காவைப் பாருங்கள். 1960இல் கலிபோர்னியா மாநிலம் உயர்கல்விக்கென ஒரு பெருந்திட்டம் வகுத்தது. ஈராண்டுச் சிறு கல்லூரிகளிற் பயின்ற ஏழை மாணவர் பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறி வருவர் என்பதை அது முன்கூட்டியே கணித்தது. அதற்காகப் பல்கலைக்கழகத்தின் கீழ் வகுப்பு மாணவர் 40 வீதமாகவும் மேல் வகுப்பு மாணவர் 60 வீதமாகவும் இருக்கவேண்டும் என்று விதித்தது. பிந்தி வருபவனுக்காக முந்தியே இடம் வைப்பது என்பதே இதன் கருத்து. நடைமுறையில் அங்கும் கட்டாய பாடங்களுக்கு இடமின்றி மாறிவந்த மாணவர் தவிப்பதுண்டு. ஆயினும் அவர்கள் வருவார்கள் என்பதாவது ஏட்டில் எழுதப்பட்டது. நம் ஏட்டில் அதுவும் இல்லை.

நாம் கேட்பன வானத்து மலர்களல்ல. உயர்தர விஞ்ஞானம் இல்லாத பாடசாலைகளில் சாதாரண தரத்துக்குத் தோற்றும் மாணவர் எத்தனை பேர் என்பதை வலயக் கல்விப் பணிமனை ஆண்டுதோறும் முன்னரே கணக்கிடட்டும். அத்தொகைக்கேற்ப ஆசனங்களைச் சொந்த மாணவருக்குப் பகிருமுன் ஒதுக்கிவைக்கட்டும். கிரான் பிரதேசத்தில் ஒரு பாடசாலையிலேனும் அம்மூன்று பாடங்களுக்கும் ஆசிரியர் ஒருசேர நிற்கட்டும். ஒருவர் மாற்றலாகிச் செல்லுமுன் அடுத்தவர் வந்து சேரட்டும். மறுகரைப் பிள்ளைகளுக்கு, மாரியிலும் வகுப்புத் தவறாதிருக்க, விடுதி வேண்டும். இடமில்லை என்று மறுக்கும் எவரும் அதைக் காரணத்துடன் எழுத்திற் கொடுக்கவேண்டும். எழுத்தில் வந்த மறுப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம்; வாய்ச்சொல்லை எதிர்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

ஆசிரிய நண்பர்களே, இவ்வாண்டு உங்கள் வாசலிலிருந்து திரும்பிச் சென்றவர்கள் எத்தனை பேர், எந்த ஊரவர், எந்தப் பாடம் கேட்டவர் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். உங்கள் சங்கங்கள் சம்பளத்துக்காக எழுப்பும் அதே குரலில் அந்தக் கொப்பியையும் வாசிக்கட்டும். மாணவ நண்பர்களே, உங்கள் பக்கத்து ஆசனத்தைக் கேட்டு வந்தவனைப் போட்டியாளன் என்று எண்ணாதீர்கள். அவனுக்கு மறுக்கப்பட்டது உங்கள் ஆசனமன்று. அரசு இன்னும் செய்துகொடுக்காத ஆசனம். அதைச் செய்விக்கும் கடமை உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கே முதலில் உண்டு. ஏனெனில் வெளியே நிற்பவனின் குரல் இடாப்பில் இல்லை.